நார்த் டகோட்டா மகளிர் ஐஸ் ஹாக்கி: 15 பருவம் ஆடிய அணி ஒரே நாளில் கலைந்தது எப்படி?

2017 மார்ச் 28 அன்று அமெரிக்க மகளிர் தேசிய ஐஸ் ஹாக்கி அணி ஒரு சண்டையில் ஜெயித்தது. சண்டை தங்கள் சொந்த நாட்டு ஹாக்கிச் சங்கத்தோடு. சம்பளத்திலும் சலுகையிலும் நியாயமான ஒப்பந்தம் போடாவிட்டால், மிச்சிகனில் நடக்கவிருந்த உலக சாம்பியன்ஷிப்பில் இறங்கவே மாட்டோம் என்று இரண்டு வாரம் பிடிவாதமாக நின்றார்கள். போட்டி தொடங்க மூன்று நாள் இருக்கும்போது சங்கம் இறங்கிவந்து நான்காண்டு ஒப்பந்தத்துக்கு ஒத்துக்கொண்டது. அந்த அணியில் மோனிக் லாமுரூ, ஜோஸ்லின் லாமுரூ என்று இரட்டைச் சகோதரிகள் இருந்தார்கள். நார்த் டகோட்டா மாநிலத்தின் கிராண்ட் ஃபோர்க்ஸ் ஊர்க்காரர்கள்.

மறுநாள், மார்ச் 29. அதே கிராண்ட் ஃபோர்க்ஸில் இருக்கும் நார்த் டகோட்டா பல்கலைக்கழகம், இருவரும் படித்து ஆடிய பல்கலைக்கழகம், தன் மகளிர் ஐஸ் ஹாக்கி அணியை மூடுவதாக அறிவித்தது.

தோற்றுத் தோற்றுத் துவண்ட அணி மூடப்பட்டிருந்தால் அதில் ஆராய ஒன்றும் இல்லை. இது நாட்டிலேயே மிகக் கடினமான லீகில் ஆடி, தேசிய அணிகளுக்கு ஆட்களை அனுப்பிக்கொண்டிருந்த அணி. கல்லூரி விளையாட்டில் பெண்களுக்குப் பாதுகாப்பு என்று சொல்லப்படும் டைட்டில் நைன் சட்டம் 1972 முதல் அமலில் இருக்கும் நாடு. ஊரோ ஹாக்கிப் பைத்தியம் பிடித்த ஊர். இத்தனையும் இருந்தும் இந்த அணி காப்பாற்றப்படவில்லை.

ஊரும் அரங்கும்

கிராண்ட் ஃபோர்க்ஸ் ரெட் ரிவர் ஆற்றின் கரையில், கனடா எல்லையை ஒட்டிய சமவெளியில் இருக்கும் சிறு நகரம். 1997 வெள்ளத்தில் ஊர் மொத்தமும் தண்ணீரில் நிற்க, நகர மையத்தில் கட்டடங்கள் தீப்பிடித்து எரிந்ததைப் படத்தில் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். குளிர்காலத்தில் ஓடையெல்லாம் உறைந்துவிடும். லாமுரூ சகோதரிகள் வீட்டுக்குப் பின்னால் உறைந்துகிடந்த ஓடையில் நான்கு அண்ணன்மாரோடு மல்லுக்கட்டித்தான் ஆடக் கற்றார்கள். அப்பாவும் இதே பல்கலைக்கழகத்தின் கோல்கீப்பர்.

பல்கலைக்கழகத்தின் ஆண்கள் அணிக்கு எட்டு தேசியப் பட்டங்கள்: முதலாவது 1959ல், எட்டாவது 2016ல். ஆண்கள் அணியின் பழைய கோல்கீப்பர் ரால்ஃப் எங்கெல்ஸ்டாட் பிற்பாடு லாஸ் வேகஸில் கேசினோ முதலாளியாகி, 10 கோடி டாலருக்கு மேல் போட்டு ஓர் அரங்கம் கட்டிக்கொடுத்தார். 2001ல் திறந்த அந்த அரங்கில் 11,000க்கு மேல் இருக்கைகள். இருக்கையெல்லாம் தோல், தரையெல்லாம் கிரானைட். பூர்வகுடிகளின் பெயரைத் தாங்கிய 'ஃபைட்டிங் சூ' என்ற அணிப்பெயரை மாற்றினால் கட்டட வேலையைப் பாதியிலேயே நிறுத்திவிடுவேன் என்று மிரட்டிக் கடிதம் எழுதியவரும் அவர்தான். பல்கலைக்கழகம் அப்போது பணிந்தது. பெயர் கடைசியில் 2012ல் போனது, புதுப்பெயர் 2015ல் வந்தது. இடைப்பட்ட காலத்தில் இந்தப் பெண்கள் பட்டப்பெயரே இல்லாத அணியாக, மார்பில் மாநிலத்தின் பெயரோடு மட்டும் ஆடினார்கள். அவர்கள் நன்றாக ஆடிய ஆண்டுகள் சிலவும் அவையே.

அரங்கம் திறந்த மறுபருவத்தில், 2002–03ல், மகளிர் அணி பல்கலைக்கழகத்தின் முறையான அணியாகக் களமிறங்கியது. அமெரிக்கக் கல்லூரிகளில் பெண்கள் ஐஸ் ஹாக்கி அப்போது புதிது என்று சொல்ல முடியாது. ரோட் ஐலண்டில் பிரவுன் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்திருந்த பெம்ப்ரோக் மகளிர் கல்லூரியில் 1964லேயே அணி இருந்தது. ஆனால் கல்லூரி விளையாட்டின் தேசிய அமைப்பான என்.சி.ஏ.ஏ. பெண்களுக்கு முதல் சாம்பியன்ஷிப் நடத்தியது 2001ல்தான். ஆகவே நார்த் டகோட்டா தாமதமாக வந்ததாகத் தோன்றினாலும், பந்தயம் தொடங்கி ஓரிரு ஆண்டுக்குள் வந்துவிட்டது.

வந்து சேர்ந்த இடம்தான் பொல்லாத இடம். 2004ல் இந்த அணி டபிள்யூ.சி.எச்.ஏ. என்ற மேற்கத்திய லீகில் சேர்ந்தது. 2001 முதல் 2013 வரை நடந்த 13 தேசிய சாம்பியன்ஷிப்பும் இந்த ஒரே லீகின் மூன்றே பல்கலைக்கழகங்களுக்குப் போயின: மினசோட்டா டுலூத்துக்கு ஐந்து, மினசோட்டாவுக்கு நான்கு, விஸ்கான்சினுக்கு நான்கு. நார்த் டகோட்டா லீகில் இருந்த காலம் முழுக்க லீக் கோப்பையும் இந்த மூவரைத் தாண்டிப் போனதில்லை. வேறெந்த லீகில் இருந்திருந்தாலும் நார்த் டகோட்டாவின் அலமாரியில் இரண்டு மூன்று கோப்பையாவது இருந்திருக்கும் என்பது என் எண்ணம். பட்டமில்லாத அணியை மூடுவது சுலபம். ஆனால் பட்டம் ஏன் இல்லை என்பதை இந்தப் பின்னணியோடுதான் பார்க்க வேண்டும்.

முதல் சில பருவங்கள் பெரும்பாலும் தோல்விதான். அதில் நேரம் செலவிட வேண்டியதில்லை.

ஐடால்ஸ்கியின் காலம்

2007ல் பிரையன் ஐடால்ஸ்கி பயிற்சியாளராக வந்தார். மினசோட்டாவோடும் விஸ்கான்சினோடும் உள்ளூர்ப் பிள்ளைகளுக்காகப் போட்டிபோட்டு ஜெயிக்க முடியாது என்ற நிலையில், அணி கடல் தாண்டியும் ஆள் தேடியது. பின்லாந்திலிருந்து மிஷெல் கார்வினென், சுசன்னா தாபானி, ஜெர்மனியிலிருந்தும் ஸ்வீடனிலிருந்தும் சிலர் என்று ஐரோப்பியப் பெண்கள் இந்தப் பனிச் சமவெளிக்கு வந்து சேர்ந்தார்கள். அவர்கள் ஊரில் பெண்களுக்கு இவ்வளவு முறையான பயிற்சியும் படிப்புச் செலவும் ஒரே இடத்தில் கிடைப்பது அபூர்வம் என்பதால் இரு பக்கத்துக்கும் லாபம்.

லாமுரூ சகோதரிகளும் நேராக இங்கே வரவில்லை. முதலில் 2008ல் மினசோட்டாவுக்குத்தான் போனார்கள். ஒரு பருவம் அங்கே ஆடினார்கள், அடுத்து 2010 வான்கூவர் ஒலிம்பிக்கில் வெள்ளி. அதன்பின் வலுவான அணியை விட்டுவிட்டு ஊருக்கே திரும்பி 2010 முதல் மூன்று பருவம் நார்த் டகோட்டாவுக்கு ஆடினார்கள். அந்த மூன்று பருவத்தில்தான் அணி முதன்முறையாக என்.சி.ஏ.ஏ. போட்டிக்குள் நுழைந்தது: 2012லும் 2013லும்.

அப்போது அந்தப் போட்டிக்கு நாடு முழுக்க எட்டே அணிகள் தேர்வாகும். விமானச் செலவைக் குறைக்க, பஸ்ஸில் போய்விடும் தூரத்தில் இருக்கிற அணிகளைக் காலிறுதியில் மோதவிடுவது என்.சி.ஏ.ஏ.யின் வழக்கம். கிராண்ட் ஃபோர்க்ஸிலிருந்து மினசோட்டா பல்கலைக்கழகம் இருக்கும் மினியாபொலிஸ் சுமார் 500 கி.மீ. எனவே இரண்டு முறையும் முதல் ஆட்டமே மினசோட்டாவோடு, அதுவும் அவர்கள் ஊரில், ரிடர் அரங்கில். ஆண்கள் போட்டியில் இப்படிச் செலவைப் பார்த்து அணிகளை ஜோடி சேர்த்தால் பெரிய ரகளையே நடந்திருக்கும்.

2013 மார்ச் மாதத்துக் காலிறுதி தனியே சொல்லவேண்டிய ஆட்டம். அந்தப் பருவத்தில் மினசோட்டா ஓர் ஆட்டம்கூடத் தோற்காமல் வந்துகொண்டிருந்தது. கோலில் பின்லாந்தின் நூரா ராட்டி. 60 நிமிடம் முடிந்தபோது 2–2. ஓவர்டைம் 20 நிமிடம், முதல் கோல் அடிப்பவர் வென்றார் என்பது விதி, கோல் விழவில்லை. மறுபடி 20 நிமிடம், அப்போதும் விழவில்லை. மூன்றாவது ஓவர்டைமில், ஆட்ட நேரம் 100 நிமிடத்தைத் தாண்டியபின், மினசோட்டா ஒரு கோல் போட்டு 3–2 என்று தப்பியது. தப்பிய அணி அப்படியே போய்ப் பட்டத்தையும் வென்று, 41 வெற்றி, தோல்வி பூஜ்யம் என்று பருவத்தை முடித்தது. அந்த 41ல் மினசோட்டாவை மூன்றாம் ஓவர்டைம் வரை இழுத்துச்சென்றது நார்த் டகோட்டா மட்டுமே.

நட்சத்திரங்கள் போய்விட்டால் அணி படுத்துவிடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். சகோதரிகள் படிப்பை முடித்துப் போனபின், 2013 நவம்பர் 17 அன்று, நார்த் டகோட்டா அதே ரிடர் அரங்கில் இறங்கி மினசோட்டாவை 2–0 என்று வீழ்த்தியது. மினசோட்டாவின் தொடர் வெற்றி 62ல் நின்றது. என்னைக் கேட்டால் இந்த அணி கோப்பை வாங்காமலே செய்த பெரிய காரியம் அதுதான்.

2017: கணக்கு

நார்த் டகோட்டா மாநிலம் எண்ணெயையும் விவசாயத்தையும் நம்பியது. 2014 நடுவில் பீப்பாய்க்கு 100 டாலருக்கு மேல் விற்ற கச்சா எண்ணெய் 2016 தொடக்கத்தில் 30 டாலருக்கும் கீழே போனது. அந்தப் பிப்ரவரியிலேயே ஆளுநர் மாநிலத் துறைகளின் செலவில் 4.05 சதவீதம் வெட்டச் சொன்னார். பல்கலைக்கழகத்தின் பேஸ்பால் அணி அந்த ஆண்டே நிறுத்தப்பட்டது. 2017ல் பல்கலைக்கழகத் தலைவர் மார்க் கென்னடி, விளையாட்டுத் துறை மட்டும் 13 லட்சம் டாலர் மிச்சம்பிடிக்க வேண்டும் என்றார். துறையின் இயக்குநர் பிரையன் ஃபெய்சன். மார்ச் 29 அறிவிப்பில் மூன்று அணிகள் போயின: மகளிர் ஐஸ் ஹாக்கி, ஆண்கள் நீச்சல், மகளிர் நீச்சல்.

பணம் இல்லை என்பது பொய்யில்லை. ஆனால் பணம் இல்லாதபோது எதை வெட்டுவது என்பது தனிக் கேள்வி. ஐஸ் ஹாக்கி செலவு பிடிக்கும் ஆட்டம். ஆட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் தலை முதல் கால் வரை கவசம், ஒன்றுக்கு இரண்டாக ஸ்டிக், ஒஹாயோ வரை பயணம், மகளிர் அணிக்கு என்.சி.ஏ.ஏ. அனுமதித்த உச்ச அளவான 18 முழு உதவித்தொகை, பயிற்சியாளர்கள் சம்பளம். ஆண்கள் ஆட்டத்துக்கு டிக்கெட் விற்று வருவதுபோல் பெண்கள் ஆட்டத்துக்கு வராது. ஒரே வெட்டில் பெரிய தொகை வேண்டுமென்று துறைக் கணக்கைப் புரட்டினால் கண்ணில் படுவது இந்த வரிதான்.

இங்கேதான் சட்டம் குறுக்கே நின்றிருக்க வேண்டும் என்று பலர் எதிர்பார்த்தார்கள். டைட்டில் நைனை ஒரு கல்லூரி மூன்று வழியில் நிறைவேற்றலாம். மாணவர் எண்ணிக்கையில் பெண்கள் எத்தனை பங்கோ, விளையாட்டு வாய்ப்பிலும் கிட்டத்தட்ட அதே பங்கு தருவது ஒன்று. பெண்களுக்கான வாய்ப்பை ஆண்டுக்காண்டு கூட்டிவந்த வரலாறு காட்டுவது இன்னொன்று. இருக்கிற ஆர்வமும் திறமையும் முழுக்க இடம்பெற்றுவிட்டன என்று நிரூபிப்பது மூன்றாவது. நன்றாக ஆடும் மகளிர் அணியை மூடும் கல்லூரி இரண்டாவதையும் மூன்றாவதையும் நம்பி நிற்க முடியாது. மிச்சமிருப்பது முதல் வழி, அதாவது தலையை எண்ணும் வழி.

தலையை எண்ணும்போது ஹாக்கி ஆடும் இருபது சொச்சம் பெண்ணும் நீண்டதூர ஓட்டம் ஓடும் இருபது சொச்சம் பெண்ணும் ஒன்றுதான். செலவு மட்டும் வேறு. ஆண்கள் அணி ஒன்றையும் கூடவே மூடினால் விகிதமும் அவ்வளவாகச் சாயாது. இந்த முதல் வழி பெண்களின் எண்ணிக்கைக்குக் காவல். எந்த ஒரு மகளிர் அணிக்கும் காவல் இல்லை. அதிலும், அதிகச் செலவு வைக்கும் மகளிர் அணியைத்தான் முதலில் தூக்கச் சொல்லும். சட்டத்தின் நோக்கம் அதுவல்ல என்பதில் சந்தேகமில்லை. ஆனால் வெட்டப் பணிக்கப்பட்ட அதிகாரி கையில் கணக்குப் புத்தகம் இருக்கையில் அது இழுத்துப்போகும் திசை இதுதான்.

10 கோடி டாலர் அரங்கம் இருக்கும்போது 13 லட்சத்துக்கு அணியை மூடுவதா என்று கேட்டவர்கள் உண்டு. கேள்வியில் நியாயம் இருக்கிறது, கொஞ்சம் குழப்பமும் இருக்கிறது. நன்கொடையாளர் கட்டிடத்துக்குக் கொடுத்த பணத்தை உதவித்தொகைக்குத் திருப்ப முடியாது. ஆனால் ஆண்கள் ஹாக்கிக்கு ஒரு எங்கெல்ஸ்டாட் கிடைத்தார், மகளிர் ஹாக்கிக்கு அப்படி யாரும் கிடைக்கவில்லை. 15 பருவ வயதுள்ள அணிக்கு வசதியான பழைய மாணவியர் எத்தனை பேர் இருந்துவிட முடியும்? மூத்தவர்களுக்கே அப்போது வயது முப்பத்தைந்து இருக்கலாம்.

ஒப்பிட ஒரு நிகழ்வு இருக்கிறது. பிட்ஸ்பர்க் அருகே ராபர்ட் மோரிஸ் பல்கலைக்கழகம் 2021 மே மாதம் ஆண்கள், மகளிர் ஹாக்கி அணிகள் இரண்டையும் நிறுத்தியது. மகளிர் அணி அந்தப் பருவத்தில்தான் லீக் பட்டம் வென்றிருந்தது. ஆதரவாளர்கள் பணம் திரட்டினார்கள். 2023–24ல் இரண்டு அணிகளும் திரும்பிவந்தன. ஆண்கள் அணியும் சேர்ந்து போனதால் ஊரே கூடி நின்றது என்பது என் ஊகம். கிராண்ட் ஃபோர்க்ஸில் ஆண்கள் அணிக்கு ஒரு கீறலும் இல்லை. சனிக்கிழமை இரவு அரங்கம் வழக்கம்போல நிரம்பியது.

கலைந்தபின்

அறிவிப்பு வந்தபோது பருவம் முடிந்திருந்தது. மற்ற கல்லூரிகள் அடுத்த ஆண்டு அணியை ஏறக்குறைய நிரப்பிவிட்ட நேரம். அந்த நேரத்தில் புது இடம் தேட வேண்டியிருந்தது. மனிடோபாக்காரரான கோல்கீப்பர் கிறிஸ்டன் கேம்பெல், நார்த் டகோட்டாவில் அதிக ஆட்டம் கிடைக்காமல் காத்திருந்தவர், விஸ்கான்சினுக்குப் போனார். 2019 என்.சி.ஏ.ஏ. போட்டியின் மூன்று ஆட்டத்திலும் ஒரு கோலும் விடாமல் விஸ்கான்சினுக்குப் பட்டம் வாங்கிக்கொடுத்தார். பி.டபிள்யூ.எச்.எல். என்ற பெண்களின் தொழில்முறை லீக் தொடங்கிய 2024ல் டொராண்டோ அணிக்கு ஆடி, ஆண்டின் சிறந்த கோல்கீப்பர் விருதும் பெற்றார். ஐடால்ஸ்கி சீனா போய், 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அந்நாட்டு மகளிர் அணிக்குப் பயிற்சியாளராக இருந்தார்; அதே ஆண்டு செயின்ட் கிளவுட் ஸ்டேட்டில் சேர்ந்து பழைய லீகுக்கே திரும்பினார்.

லாமுரூ சகோதரிகள் கதை எல்லாரும் அறிந்தது. 2018 பிப்ரவரி 22, தென்கொரியாவின் காங்நியூங்கில் ஒலிம்பிக் இறுதியாட்டம். மூன்றாம் பகுதியில் ஆறு நிமிடம் சொச்சம் இருக்கையில் கனடா 2–1 என்று முன்னிலை. மோனிக் தனியாகப் பக்கை (ஐஸ் ஹாக்கியில் பந்துக்குப் பதிலான வட்டு) எடுத்துக்கொண்டு போய் அடித்து 2–2 ஆக்கினார். ஓவர்டைமிலும் முடிவில்லை. ஷூட்அவுட்டில் ஆறாவது சுற்று. ஜோஸ்லின் நேராகப் போய், அடிப்பதுபோல் பாவனை காட்டி, கோல்கீப்பர் ஷானன் சபாடோஸை ஒரு பக்கம் இழுத்து, பக்கை மறுபக்கம் கொண்டுபோய் உள்ளே தள்ளினார். அடுத்து கனடாவின் மெகன் அகோஸ்டா அடித்ததை மேடி ரூனி தடுக்க, 1998க்குப் பிறகு அமெரிக்காவுக்கு முதல் தங்கம். இரண்டு முக்கியமான கோல்களும் ஒரே வீட்டுப் பிள்ளைகளுடையவை. பல்கலைக்கழகமும் ஊரும் வாழ்த்துச் சொல்லின. அணி மூடப்பட்டு அப்போது பதினோரு மாதம்.

நீதிமன்றத்தில்

அந்த 2018ஆம் ஆண்டே அணியின் ஆட்டக்காரர்கள் சிலர் மாநிலப் பல்கலைக்கழக அமைப்பின் மீது வழக்குப் போட்டார்கள். தலையை எண்ணும் கணக்கை அவர்கள் பிரதானமாக்கவில்லை. டைட்டில் நைனுக்கு 1979ல் அரசு வெளியிட்ட விளக்கத்தில், உடல் மோதும் ஆட்டங்களுக்கென்று தனி விதி இருக்கிறது. ஒரு கல்லூரி ஆண்களுக்கு அப்படியோர் ஆட்டத்தில் அணி நடத்தினால், பெண்களுக்கு முன்பு வாய்ப்பு குறைவாக இருந்தது, இப்போது அணி நடத்தப் போதிய ஆர்வமும் திறமையும் இருக்கிறது, எதிர்த்து ஆடக் கல்லூரிகளும் உண்டு என்றால், பெண்களுக்கும் அணி நடத்தியே ஆக வேண்டும் என்கிறது அது. குத்துச்சண்டை, மல்யுத்தம், ரக்பி, அமெரிக்க ஃபுட்பால், கூடைப்பந்து ஆகியவற்றோடு ஐஸ் ஹாக்கியும் உடல் மோதும் ஆட்டமாகவே விதிமுறையில் இருக்கிறது. கல்லூரிப் பெண்கள் ஐஸ் ஹாக்கியில் வேண்டுமென்றே உடம்பால் முட்டித் தள்ளுவது தவறாட்டம். ஆனாலும் அவர்களுக்குக் கைகொடுத்தது இந்தப் பட்டியல்.

கீழ் நீதிமன்றம் இதை ஏற்காமல் வழக்கைத் தள்ளியது. 2021ல் எட்டாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தள்ளுபடியை ரத்துசெய்து, இந்த விதியின் கீழ் அவர்கள் வாதம் நிற்கக்கூடியதே என்று வழக்கைத் திருப்பி அனுப்பியது. இது வெற்றித் தீர்ப்பு இல்லை. விசாரிக்கத் தகுந்தது என்ற அளவுக்கே. ஆனால் கல்லூரிகளுக்கு இதில் ஓர் எச்சரிக்கை இருக்கிறது: ஆண்கள் ஹாக்கியை வைத்துக்கொண்டு மகளிர் ஹாக்கியை மூடும்போது விகிதக் கணக்கை மட்டும் காட்டித் தப்பிக்க முடியாமற்போகலாம். 2017 மார்ச்சுக்கு முன்பே அப்படியொரு தீர்ப்பு இருந்திருந்தால் பல்கலைக்கழகத்தின் வழக்கறிஞர்கள் வேறு ஆலோசனை சொல்லியிருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

2017ல் முதலாண்டு படித்த பெண்களுக்குக்கூட அந்தத் தீர்ப்பு வருவதற்குள் நாலாண்டுப் படிப்புக்காலம் கடந்துவிட்டது. கிராண்ட் ஃபோர்க்ஸுக்கு மகளிர் அணி திரும்பவில்லை. ஏழு அணியோடு நாலு பருவம் ஓடிய டபிள்யூ.சி.எச்.ஏ.வில், எட்டாவது இடத்துக்கு 2021ல் மினசோட்டாவின் செயின்ட் தாமஸ் பல்கலைக்கழகம் வந்து சேர்ந்தது.